கையளவு மருந்து: காவிரி நாட்டில் துப்பாக்கி கெட்டித்த வரலாறு

பிணி தீர்ப்பதற்கும் மருந்து என்று பெயர். துப்பாக்கிக் குழலில் இட்டுக் கெட்டிப்பதற்கும் மருந்து என்றே பெயர். துப்பாக்கி என்னும் சொல் துருக்கிய மூலத்தினின்று வந்தது. பீரங்கி என்பது பரங்கியரைக் குறித்த சொல்லின் வழி வந்தது. தோட்டா உருது வழியாகத் தமிழில் புகுந்தது. கருவிகளின் பெயர்கள் இவ்வாறு கடல் கடந்தும் மலை கடந்தும் வந்திருக்க, அவற்றுக்கு உயிர் கொடுக்கும் கரிய பொடியை மட்டும் தமிழர் தம் பழஞ்சொல்லாலேயே அழைத்தனர். தெலுங்கில் மந்து, கன்னடத்தில் மத்து, மலையாளத்தில் மருந்நு என அயல்மொழிகளிலும் இதுவே வழக்கு. பாரசீகத்தின் தாரு என்னும் சொல்லும் இவ்விரு பொருளையும் தாங்கியதே. அரைத்து, சலித்து, நிறுத்து, அளவறிந்து இடுவது என்னும் ஒப்புமையே இரண்டையும் ஒரு சொல்லில் கட்டியது எனலாம். மருத்துவன் கையிலாயினும் வேட்டைக்காரன் கையிலாயினும் அளவு பிசகினால் கேடுதான்.

தஞ்சைத் தரணியின் போர்களை எழுதியவர்கள், யார் யாரைச் சுட்டார் என்பதை விரிவாகவே எழுதியிருக்கின்றனர். சுடுவதற்கு முன் அந்தக் குழலை நிறைத்தவர் யார், நிறைக்க என்ன செலவாயிற்று, அச்செலவு அவருடைய கையையும் கண்ணையும் எவ்வாறு பழக்கியது என்பன பெரிதும் எழுதப்படாதவை. நெல்லும் நீருமே அடையாளமான இந்த நாட்டில், வெடிமருந்தைத் தன் கையால் அளந்து இட்டவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதில் சிக்கனமும் உண்டு, மகிழ்ச்சியும் உண்டு, இழப்பும் உண்டு.

கீழவாசல் மேடு

தஞ்சைக் கோட்டையின் கீழவாசல் அருகே பீரங்கி மேடு என வழங்கும் இடத்தில் ஒரு பெரும் இரும்புக் குழல் கிடக்கிறது. இராசகோபாலப் பீரங்கி என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ 25 அடி நீளம். எடை ஏறத்தாழ 22 டன் எனக் கணக்கிட்டுள்ளனர். இது அச்சில் உருக்கி வார்த்ததன்று. நீண்ட இரும்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி, அவற்றின்மேல் வளையங்களைப் பழுக்கக் காய்ச்சி ஏற்றி, அடித்து இணைத்துச் செய்தது. உலகில் எஞ்சியுள்ள இவ்வகைப் பீரங்கிகளுள் மிகப் பெரியவற்றில் ஒன்றாக உலோகவியலார் இதனை மதிக்கின்றனர். இரகுநாத நாயக்கர் காலத்தது, அதாவது 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தது என்பது ஆய்வாளர் கருத்து. அதே இரகுநாதர்தாம் 1620இல் தேனியருக்குத் தரங்கம்பாடியில் கோட்டை கட்ட இடம் அளித்தவர்.

இத்தகைய குழலை ஒருமுறை நிறைப்பதென்றால் மூட்டைக் கணக்கில் மருந்து வேண்டும். அதனை நிறைத்துச் சுடுவது ஓர் அரசின் செயலே அன்றி ஒரு மனிதனின் செயல் அன்று. அரசனின் மருந்துக் கிடங்கு என்ன ஆகும் என்பதற்கும் தஞ்சையிலேயே சான்று உண்டு. 1673இல் மதுரைச் சொக்கநாத நாயக்கரின் படை கோட்டைக்குள் நுழைந்தபோது, விசயராகவ நாயக்கர் தம் அந்தப்புரத்தை வெடிமருந்தால் தகர்க்கச் செய்துவிட்டுப் போர்க்களத்தில் மாய்ந்தார் என்று வரலாறு கூறும். பகைவனுக்கென்று சேர்த்த மருந்து தன் வீட்டுப் பெண்டிர்மேல் வெடித்தது. மேட்டில் கிடக்கும் குழலின் பருமனை வியப்போர் இந்தச் செலவையும் உடன் எண்ணுதல் தகும்.

தொலைவிலிருந்து வந்த மருந்து

அரசர்களின் மருந்துக்கு மற்றொரு குறை, அது தொலைவிலிருந்து வந்தாக வேண்டும் என்பது. 1758ஆம் ஆண்டு இதற்கு நல்ல சான்று. அவ்வாண்டு சூன் மாதம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித தாவீது கோட்டையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லாலி, பணமுடையால் தஞ்சையை நோக்கித் திரும்பினார். சந்தா சாகிபு காலத்தில் எழுதி வாங்கப்பட்ட 56 இலட்சம் ரூபாய்ப் பத்திரம் ஒன்று புதுச்சேரியில் இருந்தது. அதனைக் காட்டி மன்னர் பிரதாபசிம்மரிடம் பணம் கறப்பதே நோக்கம். பாரம் சுமக்க ஆளும் மாடும் போதாமல், குலமுறை எதையும் பாராது புதுச்சேரி மக்களைப் பிடித்துச் சுமக்க வைத்தவர் லாலி. அதனால் நாட்டு மக்களின் வெறுப்பு அவருக்கு முன்னே நடந்து சென்றது. வழியில் நாகூரில் கொள்ளை. கீழ்வேளூர்க் கோயிலில் செல்வம் தேடிச் சூறை. ஒற்றர் என்ற ஐயத்தின்பேரில் அந்தணர் அறுவர் பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டனர்.

சூலை மாதம் தஞ்சைக் கோட்டையைச் சூழ்ந்த படைக்கு ஆகசுட்டு தொடக்கத்திலேயே குண்டும் மருந்தும் சோறும் ஒருங்கே குறைந்தன. உலகிலேயே நெல் மிகுதியாக விளையும் நிலங்களுள் ஒன்றின் நடுவே நின்றுகொண்டு அப்படை பசித்தது. ஆகசுட்டு 3ஆம் நாள் நாகைக் கடலில் பிரெஞ்சுக் கப்பற்படை ஆங்கிலேயரிடம் அடிபட்ட செய்தியும் வந்து சேர்ந்தது. காரைக்கால் கைவிட்டுப் போனால், மருந்து வரும் வழியே அடைபட்டுவிடும். ஆகசுட்டு 10ஆம் நாள் லாலி முற்றுகையை விட்டு நீங்கினார். 1761இல் புதுச்சேரி வீழ்ந்தது; 1766இல் பாரிசு நகரில் லாலியின் தலை வெட்டப்பட்டது. அவருடைய வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல. எனினும், நிறைக்க மருந்து இல்லாத பீரங்கி வெறும் பாரம் என்பதைத் தஞ்சை வயல்களே அவருக்கு முதலில் உணர்த்தின.

மண்ணின் உப்பு

மருந்தின் பெரும்பங்கு வெடியுப்பு. மீதம் கரியும் கந்தகமும். இவற்றுள் கந்தகம் கடைச்சரக்கு. கரி ஊரிலேயே கிடைப்பது. எருக்கும் துவரந்தட்டையும் போன்று இலேசாகவும் விரைந்தும் எரியும் செடிகளின் கரியையே வெடிகாரர் விரும்பினர். வெடியுப்போ மண்ணிலிருந்து எடுப்பது. கால்நடை கட்டிய கொட்டில்கள், பழஞ்சுவர்கள், ஊர்ப்புற உவர்நிலங்கள் ஆகியவற்றில் வெள்ளையாய்ப் பூத்த மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து வடித்து, காய்ச்சி ஆறவிட்டால் உப்பு படிகமாக இறங்கும். இத்தொழிலைக் குலத்தொழிலாகக் கொண்ட உப்பிலியர் தமிழகத்தில் இருந்தனர். தொழில் நலிந்தபின் அவர்களுள் பலர் குளம் வெட்டவும் மண் சுமக்கவும் சென்றனர்.

தொழில் நலிந்ததற்கு அரசும் ஒரு காரணம். 1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு கும்பினியின் தனியுரிமை ஆயிற்று. வெடியுப்புக் காய்ச்சும் அதே பானையில் சோற்றுப்பும் இறங்கும் என்பதால், வெடியுப்பு எடுப்போர்மீதும் உப்பு அதிகாரிகளின் கண் விழுந்தது. 1930 ஏப்பிரலில் இராசாசி தலைமையில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர்கள் தஞ்சை மாவட்டத்தின் ஊடே நடந்து வேதாரணியத்தில் உப்பு அள்ளியதை நாடறியும். ஆனால் கடலுப்புக்கு நேர்ந்ததற்கு ஒப்பானதொன்று மண்ணுப்புக்கும் முன்னரே நேர்ந்திருந்தது என்பதையும், அதற்காக எவரும் ஊர்வலம் போகவில்லை என்பதையும் நினைப்பவர் குறைவு.

உள்ளூர் வெடியுப்பில் சோற்றுப்பு கலந்திருப்பதால் வேறொரு தொல்லையும் உண்டு. தூய வெடியுப்பு எளிதில் கசிவதில்லை; கலப்புள்ளது காற்றின் ஈரத்தைக் குடிக்கும். டெல்டாவில் நீர்ப்பறவைகள் வந்திறங்குவதோ ஐப்பசி, கார்த்திகை அடைமழையில். பறவை மிகும் பருவமே மருந்து கெடும் பருவம். ஆகவே கையால் மருந்து செய்தவனுக்கு அதனைக் காப்பதும் ஒரு கலையாயிற்று. மாட்டுக் கொம்பிலோ தோற்பையிலோ அடைத்து, மழைநாளில் உடம்போடு அணைத்து வைத்தான். வேட்டையின் வெற்றி தோல்வி, குறிபார்க்கும் முன்னரே பெரும்பாலும் முடிவாகிவிடும்.

உரிமத்தின் கணக்கு

ஆயுதத்தை ஒடுக்குவது ஆட்சியின் முதற்பணி என்பதைக் கும்பினியார் பாளையக்காரர் போர்களில் கற்றனர். மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட 1801ஆம் ஆண்டின் இறுதியிலேயே தென்சீமை மக்கள் ஆயுதம் தாங்கலாகாது என்னும் அறிக்கை வெளியாயிற்று. தஞ்சையின் ஆட்சியை அதற்கு முன்பே, 1799இல், இரண்டாம் சரபோசி உடன்படிக்கையால் ஒப்படைத்திருந்தார்.

1857இல் வடநாட்டுச் சிப்பாய்கள் கொதித்தெழுந்ததற்கு உடனடிக் காரணம் ஒரு தோட்டாதான். மருந்தும் குண்டும் சேர்த்துக் காகிதத்தில் சுற்றி, கொழுப்புத் தடவி, எங்கோ ஒரு கிடங்கிலிருந்து அது வந்தது. அதில் எதனைத் தடவினார்கள் என்பது சிப்பாய்க்குத் தெரியாது. தன் கண்முன் செய்யாத ஒன்றைப் பல்லால் கடிக்கச் சொன்னபோது, பசுவும் பன்றியும் பற்றிய ஐயம் காட்டுத்தீயாகப் பரவியது. எழுச்சிக்கு ஆழ்ந்த காரணங்கள் வேறு பல இருந்தன. ஆயினும் அது பற்றிக்கொண்டது பிறர் கை நிறைத்த தோட்டாவின்மீதான நம்பிக்கையின்மையில்தான்.

லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. இந்தப் பாகுபாடு அக்காலத் தலைவர்கள் பலரையும் சுட்டது. 1931 கராச்சி காங்கிரசின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் இடம் பெற்றது. இதில் ஒரு விந்தை. காவிரி பிறக்கும் குடகு நாட்டில் குடவர்களுக்கு இச்சட்டத்திலிருந்து விலக்கு இருந்தது; அவ்விலக்கு 2019இல் மேலும் பத்தாண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. அங்கே ஆண்டுதோறும் கைல்போது விழாவில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டி வணங்குகின்றனர். அதே ஆறு பாய்ந்து வந்து கடலோடு கலக்கும் கழிமுகத்திலோ, ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கிக்கும் தாலுகாக் கச்சேரி வாசலில் காத்திருக்க வேண்டும். தலைக்காவிரியில் தெய்வமாக இருப்பது பூம்புகாரில் வழக்காகிவிடுகிறது.

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டுச் சட்டம் இனப் பாகுபாட்டை நீக்கியது. பயிர்ப் பாதுகாப்புக்கென வாய்வழி நிறைக்கும் துப்பாக்கிக்கு உரிமம் வழங்கவும் இடம் வைத்தது. உரிமத்தில் துப்பாக்கி மட்டுமன்று, எவ்வளவு மருந்து, எத்தனை தோட்டா என்பதும் எழுதப்படும். மருந்தையும் ரவையையும் ஒருவன் கையால் தேடிக்கொண்டாலும், குதிரை விழும் இடத்தில் பொருத்தும் சிறு செப்புக் கேப்பைக் கடையில்தான் வாங்க வேண்டும். சட்டத்தின் விரல் அவனைப் பிடித்தது பெரும்பாலும் இந்தக் கேப்பின் வழியாகத்தான்.

திண்ணையில் ஒரு மேசை

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பின்புறம் மடித்துத் தோட்டா செருகும் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் பரவின. தஞ்சை வயல்களில் தாளடிப் பருவத்து உள்ளான் வேட்டை, வெள்ளை அதிகாரிகளின் விருப்பமான பொழுதுபோக்கு. அவர்களைப் பார்த்து மிராசுதாரர் வீடுகளிலும் பன்னிரண்டு போர்த் துப்பாக்கிகள் சுவரில் ஏறின. சீமையிலிருந்து வந்த தோட்டா விலை உயர்ந்தது. அதன் விலையில் பெரும்பகுதி மருந்துக்கோ ஈயத்துக்கோ அன்று, கூட்டுக்கும் கூலிக்கும் கப்பலுக்கும் உரியது. அதனால் பித்தளைக் கூடுகளை வாங்கி, சுட்டபின் வீசிவிடாமல் மீண்டும் மீண்டும் நிறைக்கும் வழக்கம் அக்கால இந்தியாவில் வேட்டை பயின்றோரிடம் பரவியிருந்தது.

அதற்கென ஒரு மேசை, சில கருவிகள். வெந்த கேப்பை ஊசியால் தட்டி வெளியேற்ற வேண்டும். கூட்டைப் புளியிட்டுத் தேய்த்தால் பித்தளை பொன்போல் ஒளிரும். புதுக் கேப்பை அழுத்தி, அளவுக் குவளையால் மருந்திட்டு, கம்பளிச் சக்கையை இறுக்கி, ரவை கொட்டி, அட்டையால் மூட வேண்டும். ஒரு மாலைப் பொழுதில் ஐம்பது தோட்டா நிறைத்தவனுக்கு மறுநாள் விடியல் முந்திய இரவே தொடங்கிவிட்டது. கையும் கண்ணும் மனமும் ஒரே சிறு பொருளில் குவியும் அந்த ஓரிரு நாழிகை, தறியில் இருப்பவனும் வீணைக்கு மேளம் கட்டுபவனும் அறிந்த மகிழ்ச்சியே. மேலைநாடுகளில், குறிப்பாக அமெரிக்காவில், இன்றும் பல்லாயிரவர் இதனைப் பொழுதுபோக்காகக் கொண்டிருக்கின்றனர். செலவைக் குறைக்கத்தான் தோட்டா நிறைக்கிறோம் என்று தொடங்கி, மிச்சம் பிடித்த காசுக்கும் கூடுதலாகச் சுட்டுத் தீர்ப்பதே கண்ட பயன் என்பது அவர்களிடையே வழங்கும் வேடிக்கைப் பேச்சு.

இந்த வேடிக்கையில் ஓர் ஆபத்தும் இருந்தது. 1884இல் பிரான்சில் புகையில்லா மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அது கரிமருந்தைவிடப் பலமடங்கு வலிது. பழைய குவளையால் புதிய மருந்தை அளந்தவர்களின் குழல்கள் வெடித்து, கையிழந்தவர்களும் கண்ணிழந்தவர்களும் உலகெங்கும் உண்டு. மருந்து மாறியபோது அளவும் மாற வேண்டும் என்பதைப் பழக்கப்பட்ட கை ஏற்பதில்லை.

குருவிக்காரரின் கணக்கு

மிராசுதாரருக்கு மருந்து நிறைத்தல் பொழுதுபோக்கு. அதனையே பிழைப்பாகக் கொண்டவர்கள் குருவிக்காரர் என்றும் நரிக்குறவர் என்றும் அழைக்கப்படும் மக்கள். தம்முள் அவர்கள் பேசுவது வாக்ரிபோலி என்னும் வடபுல மொழி. 1909இல் வெளியான தர்சுடனின் தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் என்னும் நூல், நரியைப்போல் ஊளையிட்டு நரியை வலைக்கு வரவழைக்கும் அவர்களுடைய திறத்தைப் பதிவு செய்திருக்கிறது. வலையும் கண்ணியும் அவர்களுக்குப் பழமை. பின்னர் நாட்டுத் துப்பாக்கி அவர்கள் தோளில் ஏறியது. அறுவடை முடிந்த வயல்வரப்புகளில், தோளில் துப்பாக்கியும் இடுப்பில் மருந்துப் பையுமாக அவர்கள் நடந்து போவது டெல்டாவின் பழகிய காட்சி. கொக்கு, மடையான், உள்ளான், காடை, சிறகி ஆகியவை அவர்கள் வழியாகத்தான் ஊர்களின் அடுப்புக்குச் சென்றன.

அவர்கள் கணக்கை விளங்கிக்கொள்ளப் பன்னிரண்டு போர்த் துப்பாக்கியின் பழைய அளவு உதவும். ஒரு வெடிக்குக் கரிமருந்து ஏறத்தாழ 5.3 கிராம், ஈய ரவை ஏறத்தாழ 32 கிராம். அதாவது ஒரு கிலோ மருந்து ஏறக்குறைய 190 வெடிக்கு வரும். ஒரு கிலோ ஈயமோ 31 வெடியில் தீர்ந்துவிடும். மருந்தினும் ஆறு மடங்கு விரைவாகக் கரைவது ஈயம். கையால் நிறைப்பவனின் உண்மைச் செலவு ரவையில் இருந்தது. அதனால்தான் வண்டிச் சக்கரத்தின் பழைய பால்ரசுக் குண்டும் இரும்புத் துணுக்கும் ஈயத்துக்கு மாற்றாகக் குழலுக்குள் புகுந்தன. அதனால்தான் ஒவ்வொரு வெடிக்கும் இரண்டு மூன்று பறவையேனும் விழவேண்டும் என்னும் கணக்கும் பிறந்தது.

வாய்வழி நிறைக்கும் துப்பாக்கியில் ஒருமுறை சுட்டால், மறுமுறைக்குக் குழலைத் துடைத்து, மருந்து கொட்டி, தேங்காய் நாரோ துணியோ அடைத்து, கம்பியால் கெட்டித்து, ரவையிட்டு, மீண்டும் அடைத்து, கேப்பு வைக்க வேண்டும். அதற்குள் பறவைக்கூட்டம் அடுத்த ஊரில் இருக்கும். ஆகவே வேட்டைக்காரன் கையில் இருப்பது ஒரே வெடி. அந்த ஒன்றை எப்போது செலவிடுவது என்பதே அவன் கலை. சேற்றில் தவழ்ந்து, வரப்போடு வரப்பாக ஒட்டிக் கிடந்து, பறவைகள் நெருங்கி உட்காரும்வரை மூச்சடக்கி இருப்பான். அரைநாள் காத்துச் சுடாமலே திரும்புவதும் உண்டு. நிறைத்த குழலோடு திரும்பினால் நட்டமில்லை, குறிதவறினால் நட்டம்.

வெள்ளைக்காரத் துரைக்கு உட்கார்ந்திருக்கும் பறவையைச் சுடுவது இழிவு. எழுந்து பறக்கும் உள்ளானைச் சுடுவதே வீரம். அதில் பல தோட்டாக்கள் வீணாவது இயல்பு. வீணாவதே விளையாட்டின் ஒரு பகுதி. குருவிக்காரருக்கோ பறப்பதைச் சுட்டு ரவையை வானுக்கு இறைப்பது அறியாமை. ஒரே வயலில், ஒரே பறவைமேல், இருவேறு அறங்கள் நின்றன. இவற்றுள் ஒன்றைப் பெருந்தன்மை என்றும் மற்றதைக் கொடுமை என்றும் எழுதி வைத்தவர்கள் தோட்டாவை விலைக்கு வாங்கியவர்களே. ஒருவனுடைய அறம் எதுவென்பதை அவனுடைய செலவுக் கணக்கும் சேர்ந்தே எழுதுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இதனால் கைநிறைப்பு வேட்டையால் தீங்கே இல்லை என்று கொள்ளலாகாது. மழைநாளில் அடுப்படியில் உலர்த்திய மருந்து பற்றிக் குடிசையும் குழந்தையும் கருகுவது அத்தொழிலின் அழியாத அச்சம். பறவைக்கும் இழப்பு விழுந்த பறவையோடு முடியவில்லை. நீர்நிலையின் அடியில் தங்கும் ஈய ரவையைக் கூழாங்கல் என்றெண்ணி வாத்தினம் விழுங்கும். அரைப்பையில் அது தேய்ந்து நஞ்சாகி, பல நாள் கழித்துக் கொல்லும். இவ்வுண்மையை அறிந்து பல நாடுகள் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தையே விலக்கிவிட்டன. குறிதவறிய ரவைக்கும் இலக்கு உண்டு; அது சற்றுத் தாமதமாகச் சென்று சேரும்.

ஏரியும் அதன் அயலும்

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் வேட்டைக்கான உரிமங்களையே நீக்கியது. கோடிக்கரை 1967இலேயே சரணாலயமாகியிருந்தது. திருவாரூர் மாவட்டத்து வடுவூர், உதயமார்த்தாண்டபுரம் ஏரிகளும் அரியலூர் மாவட்டத்துக் கரைவெட்டி ஏரியும் 1990களின் இறுதிக்குள் பறவைகளின் புகலிடங்களாக அறிவிக்கப்பட்டன. கோடிக்கரை 2002இலும், வடுவூரும் உதயமார்த்தாண்டபுரமும் 2022இலும், கரைவெட்டி 2024இலும் இராம்சார் உடன்படிக்கைப்படி உலகளாவிய சிறப்புடைய ஈரநிலங்களாயின. இது நன்மையே. மேட்டூர் நீர் நிரம்பிய ஏரியில் மாலைவேளை கூட்டங்கூட்டமாக இறங்கும் நீர்க்காகங்களையும் நாரைகளையும் கண்டவர் எவரும் பழைய வேட்டை மீள வேண்டும் என்று கேட்கமாட்டார்.

ஆனால் சட்டம் வந்த நாளில் இருவர் இருவேறு விதமாகத் துப்பாக்கியை விட்டனர். மிராசுதாரர் வீட்டுப் பன்னிரண்டு போர் சுவரில் தொங்கி அழகுப் பொருளாயிற்று. பெட்டியிலிருந்த பித்தளைக் கூடுகள் பேரப்பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருளாயின. அவருக்கு ஒரு பொழுதுபோக்குக் குறைந்தது. குருவிக்காரருக்கோ பிழைப்புப் போயிற்று. நேற்றுவரை தொழிலாக இருந்தது இன்று குற்றமாயிற்று. ஊசியும் பாசிமணியும் விற்றுப் பேருந்து நிலையங்களில் அவர்கள் அமர்ந்தது வேறு வழியில்லாமல்தான். பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்னும் அவர்களுடைய நெடுநாள் கோரிக்கையை நாடாளுமன்றம் ஏற்றது 2022 திசம்பரில். வேட்டைக்குத் தடை வந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு அது வந்தது. எந்தப் பறவை எந்தத் திங்களில் எந்த மடுவில் இறங்கும், எந்தக் காற்றில் எழும், எந்தக் குரலுக்குத் திரும்பும் என்பதை ஏட்டில் எழுதாமல் அறிந்திருந்தவர்கள் அவர்கள். ஏரியைக் காக்க வந்தவர்கள் அவ்வறிவைக் கேட்டு வாங்கிக்கொள்ளாமல் துப்பாக்கியை மட்டும் வாங்கிக்கொண்டனர் என்பது இவ்வரலாற்றின் தீராத குறை.

மருந்தைக் கையால் அளந்து இடும் வழக்கம் டெல்டாவில் முற்றும் மறைந்துவிடவில்லை. கோயில் திருவிழாக்களில் அதிர்வேட்டுப் போடுவோரிடம் அது எஞ்சியிருக்கிறது. இரும்புக் குழாய்களை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றிலும் மருந்திட்டு, மண்ணோ செங்கற்பொடியோ அடைத்து, கோலால் கெட்டித்துத் தீ வைக்கின்றனர். சுட்ட குழாயை ஆறவைத்து மறுபடியும் நிறைக்கின்றனர். அக்குழாய்களில் ரவை இல்லை. தேர் நிலையை விட்டு அசையும் நேரத்தில் வேட்டு முழங்க, கோபுரத்துப் புறாக்கள் ஒருசேர எழுந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மீண்டும் அதே மாடங்களில் வந்து அமர்கின்றன.